ஆட்டுக்கு மேலே ஒரு சூரியன் இருந்தது

எங்கள் அக்காவைத் திருடி என்று மைக்கில் சொன்னது நீங்கள்தான், செயலாளர் சார்.

அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை என்பீர்கள். சரி. "கேட்காமல் எடுத்துப் பார்த்து வரைந்திருக்கிறாள்" என்றீர்கள். இரண்டு ஸ்பீக்கரில், மதிலைத் தாண்டி எங்கள் காலனிவரை கேட்கிற மாதிரி. அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே வார்த்தைதான் உண்டு. மறுநாள் காலையில் குழாயடியில் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள்.

இப்போது எழுதுவதற்குக் காரணமும் நீங்கள்தான். குவார்ட்டர்ஸில் இருந்தவர்களின் போன் குழுவில் உங்கள் குரல் வந்தது. பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோரும் கூடுகிற விழாவுக்கு மலர் போடப்போகிறோம், உள்ளே இருந்தவர்கள் வெளியே இருந்தவர்கள் என்று பார்க்காமல் எல்லோரும் சின்ன வயது நினைவுகளை எழுதி அனுப்புங்கள் என்றீர்கள். என்னை யார் அந்தக் குழுவில் சேர்த்தார்கள் என்று தெரியாது. சேர்த்துவிட்டார்கள். வெளியே இருந்தவள் எழுதுகிறேன். போடுகிறீர்களா பார்ப்போம்.

என் வயசுக்காரர்களே, இது உங்களுக்கும்தான். பின் கேட் வழியாக வந்து, மணலில் நெருஞ்சி முள்ளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து என்னோடு ஆட்டுப் படம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் இப்போது முழங்கால் வலி வந்திருக்கும், கண்ணாடி போட்டிருப்பீர்கள். நீங்கள் பார்த்ததைத்தான் நானும் சொல்லப்போகிறேன். சூரியனைப் பார்த்தவர்கள் கடைசியில் கை தூக்க வேண்டும். அதற்காகப் பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்பாக்கம் டவுன்ஷிப் இல்லை. அது பெரிய இடம். அதற்கு வடக்கே, மாமல்லபுரம் போகிற ரோட்டை ஒட்டி ஒரு கம்பெனிக்காரன் கட்டியிருந்த சின்ன குவார்ட்டர்ஸ். கம்பெனி மூடி, கட்டடத்தை இடித்து, இப்போது மனை போட்டு விற்றுவிட்டார்கள். அப்போது அங்கே மதுரை, திருநெல்வேலி, கோயம்புத்தூர் என்று எங்கெங்கோ இருந்து வந்த சம்பளக்காரர்கள் இருந்தார்கள். வடக்குப் பக்கம் மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் எங்கள் காலனி. எங்கள் அப்பா அம்மாக்கள் அந்த நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நிலம் குவார்ட்டர்ஸ் ஆனதும் அதே இடத்தில் பாத்திரம் தேய்த்தார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் அம்மா செயலாளர் வீட்டில் வேலை செய்தாள். அவர் குவார்ட்டர்ஸ் மன்றத்தின் செயலாளர். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். நல்லவர் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். மே மாத விடுமுறை. சென்னையில் ஏதோ ஒரு திரைப்படச் சங்கத்திலிருந்து தகர டப்பாவில் ரீல் வாங்கிவந்து, சனிக்கிழமை இருட்டினதும் பிள்ளைகளுக்குப் படம் காட்டினார்கள். மன்றத்துக்கு எதிரே இருந்த மைதானத்தில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். துணிக்கு முன்னால், மன்றத்துப் பக்கம், உள்ளே இருப்பவர்களுக்கு மடக்கு நாற்காலி. காலனிப் பிள்ளைகளையும் விடுங்கள் என்று செயலாளர் சார்தான் சொன்னார். எங்கே உட்கார வைப்பது என்று வாட்ச்மேன் கேட்டதற்கு, துணிக்குப் பின்னால் இடம் கிடக்கிறதே, அங்கேயும் நன்றாகத்தானே தெரியும் என்றார். அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். நன்றி சார். அந்த வயதில் அது எங்களுக்குப் பெரிய விஷயம்.

அங்கே உட்கார்ந்து என்னென்னவோ பார்த்தோம். பொம்மைப் படங்கள், பறவைகளைப் பற்றிய படங்கள். வாரா வாரம் மாறும். ஒன்று மட்டும் மாறவில்லை. முன்னால் இருந்த பிள்ளைகளும் பின்னால் இருந்த நாங்களும் சேர்ந்து கத்துவோம், ஆபரேட்டர் சிரித்துக்கொண்டே அந்தச் சின்ன ரீலை மறுபடி மாட்டுவார். அதற்கு ஏதோ பெயர் இருந்திருக்கும். எங்களுக்கு ஆட்டுப் படம்.

கையால் வரைந்து ஓடவிட்ட படம். ஒரு வார்த்தைகூடப் பேச்சு கிடையாது. மஞ்சள் வானம். நீல ஆடு. அதற்கு ஒரு கொம்புதான். இன்னொன்று எங்கே போனது என்று படத்தில் சொல்லவே மாட்டார்கள். அது வழியில் கிடக்கிற ஒரு குடையைக் கொம்பில் மாட்டிக்கொண்டு நடக்கும். மழை வரும். ஒரு நாய் வந்து குடைக்குள் நுழையும், மழை விட்டதும் போய்விடும். ஒரு சைக்கிள்காரன் வருவான், போய்விடுவான். ஒரு மணப்பெண் வருவாள், அவளும் போய்விடுவாள். இருட்டும். ஆடு தனியாகத் தூங்கும். விடிந்ததும் கடலுக்கு வரும். குடையைக் குப்புறப் போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து, கிளம்புவதற்கு முன்னால் ஒரே ஒரு தும்மல் போடும். அவ்வளவுதான். போய்விடும்.

அந்தத் தும்மலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம். கடல் காற்றில் துணி உப்பும்போது ஆட்டின் வயிறும் உப்பும். துணி சுருங்கினால் ஆடு இளைத்துவிடும். எங்களுக்கு அதுவும் படம்தான். ஸ்பீக்கர் முன்னால் இருந்ததால் சத்தம் எங்களுக்குச் சரியாகக் கேட்காது. புரொஜெக்டர் ஓடுகிற கரகர சத்தமும், துணி படபடக்கிற சத்தமும்தான். அதனால் தும்மலை நாங்களே போடுவோம். எங்கள் தும்மலைக் கேட்டு முன்னால் இருப்பவர்கள் சிரிப்பார்கள்.

அப்புறம் சூரியன். படத்தின் நடுவில், துணிக்கு நட்ட நடுவில், ஒரு சூரியன் எரிந்துகொண்டே இருக்கும். அசையாது. ஆடு அதைக் கடந்து போகும், நாய் கடந்து போகும், மழை பெய்யும்போதும் இருக்கும், ராத்திரிக் காட்சியிலும் இருக்கும். மற்ற படங்களிலும் அது இருந்தது, எல்லா வானத்துக்கும் ஒரே சூரியன்தானே என்று விட்டிருந்தோம்; ஆட்டுப் படத்தின் ராத்திரியில்தான் உறுத்தியது. அதுதான் எனக்குப் புரியவில்லை. அக்காவிடம் கேட்டேன்.

"ராத்திரிலயும் இன்னாத்துக்கு அக்கா சூரியன் கீது?"

"அது தூங்காத சூரியன்டி. ஆடு தனியா பூவுதில்ல, தொணைக்கு வருது."

அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். எனக்கு அவளைவிட மூன்று குறைவு. அவள் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

ஆட்டுப் படத்தின் ஆரம்பத்தில் வருகிற இங்கிலீஷ் எழுத்து எல்லாம் திரும்பித் தெரியும். அது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆபரேட்டர் எழுத்தை மட்டும் தப்பாக மாட்டிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்போம். எழுத்துக்கு நேர் எது, திருப்பம் எது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆட்டுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஆடு எந்தப் பக்கம் போனாலும் ஆடுதான். உள்ளே இருக்கிற பிள்ளைகளோடு பேசும்போதுகூடத் தெரியவில்லை. அவர்களும் ஆடு கடல் பக்கம் போச்சு என்பார்கள், நாங்களும் கடல் பக்கம் போச்சு என்போம். துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு வலது கைப் பக்கம் கடல். இந்தப் பக்கம் உட்கார்ந்த எங்களுக்கு இடது கைப் பக்கம் அதே கடல். இரண்டு பேரும் கையை நீட்டிக் காட்டினால் ஒரே இடத்தைத்தான் காட்டுவோம். சண்டை வர வழியே இல்லை.

விடுமுறை முடிகிற சமயத்தில் ஓவியப் போட்டி வைத்தார்கள். ஆட்டுப் படத்தில் ஒரு காட்சியை வீட்டிலிருந்தே வரைந்து கொண்டுவர வேண்டும். காலனிப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம் என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் கெட்டித் தாள் கொடுத்தார்கள். அவ்வளவு வெள்ளையான தாளை நாங்கள் கையில் வாங்கினதே இல்லை. அக்கா அதைப் பாயின் அடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தொடவே இல்லை.

கலர் வாங்கக் காசு கிடையாது. துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து, குடையில் ஏறிக் கடலுக்குக் கிளம்புகிற ஆட்டை வரைந்தாள். மஞ்சள் பொடியைக் குழைத்து வானம். கடலுக்கு அதே நீலத்தில் தண்ணீரை அதிகமாக்கினாள். சூரியனுக்கு ஒன்றும் பூசவில்லை. அந்த இடத்தில் மட்டும் தாளை வெள்ளையாகவே வட்டமாக விட்டுவிட்டாள். அது வெள்ளையாகத்தானே எரிந்தது என்றாள். எங்கள் வீடு முழுக்க மஞ்சள் வாசனை. காயவைத்த தாளில் தூசி ஒட்டாமல் நான்தான் ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த விடுமுறையில் அக்காவும் அம்மாவோடு செயலாளர் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவாள். செயலாளரின் மகன் எங்கள் அக்கா வயதுதான். அவனும் போட்டிக்கு வரைந்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்துச் சாப்பாட்டு மேஜையில் காயப்போட்டிருந்தான். அவனும் அதே கடைசிக் காட்சியைத்தான் வரைந்திருந்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அவன் ஆட்டைத் திருப்பி வரஞ்சிகிறான்டி. சூரியனையே வுட்டுட்டான். பாவம், அவனுக்கு பிரைஸ் கெடைக்காது."

நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னாள். அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தாள். அம்மா திட்டுவாள் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. படங்களையெல்லாம் கயிற்றில் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். எங்கள் அக்காவின் படத்துக்கு முன்னால்தான் கூட்டம். யாரோ ஒரு அம்மா மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மஞ்சள்தூளா என்று கேட்டுச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான். அக்கா எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய தலையோடு, சர்ச்சுக்குப் போடுகிற பாவாடையில் நின்றாள். முதல் பரிசு அவளுக்குத்தான் என்று எங்கள் கூட்டத்தில் எல்லோரும் முடிவு செய்துவிட்டோம்.

செயலாளர் சார், நீங்கள் அந்தப் படத்தைக் கழற்றினீர்கள். உங்கள் மகனின் படத்தையும் கழற்றினீர்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். அப்புறம் அக்காவின் தாளைத் திருப்பி, மகனின் தாள்மேல் வைத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தீர்கள். ஆட்டின் மேல் ஆடு உட்கார்ந்தது. குடைமேல் குடை. அலைமேல் அலை. நீங்கள் படித்தவர். கண்ணாடி ஜன்னலில் வைத்துப் பின்பக்கமாக நகல் எடுத்தால் இப்படித்தான் வரும் என்று உங்களுக்குத் தெரிந்தது. தெரிந்தது அவ்வளவுதான். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டீர்கள்.

இதெல்லாம் மைக் முன்னால் நடந்தது. உங்கள் மகனின் படத்தை முன்னாடியே பார்த்தாயா என்று கேட்டீர்கள்.

"பார்த்தேன் சார்."

எங்கே பார்த்தாய்?

"உங்க வூட்டுல சார். மேஜை மேல."

பின்னே, பார்த்துத்தானே வரைந்தாய்?

"இல்ல சார். அவன் வரஞ்சதுதான் சார் தப்பு. சூரியனே இல்ல பாருங்க."

கூட்டம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். படத்தில் சூரியன் எங்கே இருந்தது என்று நாற்காலிகளைப் பார்த்துக் கேட்டீர்கள். இல்லை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அப்போதுதான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். கேட்காமல் எடுத்துப் பார்த்து வரைந்திருக்கிறாள், தெரியக்கூடாது என்று திருப்பியிருக்கிறாள், ஒரு சூரியனையும் சேர்த்திருக்கிறாள். குரலை உயர்த்தவே இல்லை. சின்னப் பெண், மன்னித்துவிடுவோம் என்றீர்கள்.

அம்மா பின் கேட்டிலிருந்து ஓடிவந்தாள். கன்னத்தில் ஒரு அறை விட்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அந்தச் சத்தம் இரண்டு ஸ்பீக்கரிலும் கேட்டது. "அய்யா வூட்ல வேலை செஞ்சி சாப்புட்றோம், அங்கயே கை வெச்சிட்டியா" என்று கேட்டுக்கொண்டே அக்காவின் தலையைப் பிடித்து உங்கள் வீட்டம்மா காலில் அழுத்தினாள். நீங்கள் தடுத்தீர்கள். போதும், பிள்ளையை அடிக்காதே என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். உங்கள் பெருந்தன்மைக்கு.

அம்மாவின் வேலை போகவில்லை. அந்த வாரம் உங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு பழைய புடவைகூடக் கொடுத்தார்கள். அம்மா அதைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போனாள். அக்காவின் படத்தை அம்மா வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டாள். நீலம் எரிந்தால் என்ன நிறம் வரும் என்று பார்க்க ஆசையாக இருந்தது. நான் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் அக்கா வரையவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசலில் மாட்டுகிற நட்சத்திரத்தைக்கூட நான்தான் வெட்டுவேன். பத்தாவதோடு படிப்பை விட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பீர்கள். இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். எங்கள் வீட்டில் ஒரு ஊக்கு காணாமல் போனாலும் அம்மாவின் கண் முதலில் அக்கா பக்கம்தான் போகும். வாயைத் திறக்க மாட்டாள். கண் மட்டும் போகும். அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகும் போனது. போன மாதம்வரை போனது.

பல வருஷம் கழித்து, இரண்டாயிரத்துக்கு மேல், நான் படூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஊழியர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்கிற வேலை. மாமல்லபுரத்தில் கடற்கரையோரம் ஒரு ஓட்டலின் புல்வெளியில் குறும்படத் திருவிழா நடக்கிறது என்று ஆபீசுக்குப் பாஸ் வந்தது. யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்தேன். ஆட்டுப் படத்துக்காக இல்லை. அது வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளைக்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், கழுத்தில் அட்டை மாட்டிய ஆட்கள். சவுக்குக் கம்பில் துணித்திரை. நடு வரிசையில் எனக்கு மெத்தை வைத்த நாற்காலி. அப்போது வெள்ளை ஜிப்பாவில் ஒருவர் மைக் பிடித்தார். குரலைக் கேட்டதும் தெரிந்தது. தலை நரைத்திருந்தது, குரல் நரைக்கவில்லை. நான் தேர்ந்தெடுத்த படம் இது என்றீர்கள். நான் குடியிருந்த இடத்தில் ஏழைப் பிள்ளைகளும் வசதியான பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்த படம் என்றீர்கள். ஒன்றாக.

விளக்கு அணைந்தது. மஞ்சள் வானம் வந்தது. என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. பக்கத்தில் இருந்தவளின் கையைப் பிடித்துவிடுவேன் போல இருந்தது. ஆடு வந்தது.

தப்பாக வந்தது.

இடது பக்கத்திலிருந்து வந்து வலது பக்கம் போனது. கொம்பு அந்தப் பக்கம் இருந்தது. வேறு ஆள் மறுபடி எடுத்த படமோ என்று நினைத்தேன். நாய் வந்தது. அதே நாய், ஆனால் திரும்பிய நாய். நாற்காலியில் உட்கார முடியவில்லை. சூரியனைத் தேடினேன். வரும், இப்போது வரும் என்று பார்த்தேன். மழை வந்துவிட்டது, மணப்பெண் வந்துவிட்டாள், சூரியன் வரவில்லை. ராத்திரிக் காட்சி வந்தது. திரை முழுக்கக் கருநீலம். அதில் ஆடு மட்டும் சுருண்டு கிடந்தது. முன்னால் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். எனக்கு உடம்பு அரித்தது. எழுந்துவிட்டேன். பின்னாலிருந்து உட்காருங்க என்றார்கள். யார் காலையோ மிதித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்து, கம்பத்தைச் சுற்றிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனேன்.

அங்கே மணலில் ஓட்டல் சமையல்காரர்களும் பாசிமாலை விற்கிற பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். துணியின் நடுவில் சூரியன் எரிந்துகொண்டிருந்தது.

அது புரொஜெக்டரின் விளக்கு. அவ்வளவுதான். துணிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் நேராக விளக்கே கண்ணில் படும். முன்னால் இருப்பவனுக்கு விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அவனுக்கு எப்படித் தெரியும்? என் ஆடு சரியான பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான் முன்னால் ஓடினேன். தப்பு. பின்னால் வந்தேன். சரி. மறுபடி முன்னால் போனேன். அட்டை மாட்டிய ஒருவர் வந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். பாசிமாலைக்காரப் பெண் ஒருத்தி என் பாஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா அக்கா, முன்னாடி சீட்டு கெடைக்கலியா?"

"கெடைச்சிது. அங்க தப்பா தெரியுது."

"அப்ப இங்கயே குந்து."

குந்தினேன். ஆடு குடையில் ஏறியது. தும்மினேன், என்னையறியாமல். முன்னால் கூட்டம் சிரித்தது. சின்ன வயதில் கேட்ட அதே சிரிப்பு. ஆடு கிளம்பியது. அந்தத் திரை வேறு மாதிரி கட்டியிருந்ததால் அது கடல் பக்கம் போகவில்லை, பஸ் ரோட்டுப் பக்கம் போனது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் செங்கல்பட்டில் ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கிற வேலையில் இருந்தாள். அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். குக்கர் சத்தம் கேட்டது. ஆட்டுப் படம் என்றதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். நான் மூச்சு விடாமல் சொன்னேன். நீ வரஞ்சதும் சரி, அந்தப் பையன் வரஞ்சதும் சரி, சூரியன் படத்திலேயே இல்லை, அது விளக்கு என்றேன். அக்கா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப ஆடு தனியாத்தான் போச்சா?"

அவளே மறுபடி பேசினாள்.

"அம்மாக்கு சொல்லு. அது போதும்."

அம்மாவிடம் போவதற்கு முன்னால் உங்களிடம் வந்தேன், செயலாளர் சார். காபி மேஜை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். உங்களுக்கு முதலில் என்னைத் தெரியவில்லை. எங்கள் அம்மா பெயரைச் சொன்னதும் தெரிந்தது. உங்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நின்று பார்த்தீர்கள். விளக்கு உங்கள் கண்ணாடியில் விழுந்தது. நீங்கள் புத்திசாலி, நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. முகம் தொங்கிவிட்டது. அதை நான் மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன்.

"அடடா. நான்தானேம்மா உங்களை இங்கன உக்கார வச்சேன்" என்றீர்கள்.

ஆமாம் சார். உட்கார வைத்தீர்கள். அந்த விடுமுறை முழுக்க ஒரு தடவைகூட வந்து அங்கே நின்று பார்க்கவில்லை.

மைக் இன்னும் ஆன் செய்துதான் இருக்கிறது, இப்போதே சொல்லுங்கள் என்றேன். இப்போது வேண்டாம்மா, இந்தக் கூட்டத்துக்கு அது என்ன புரியும் என்றீர்கள். பழைய விஷயம் என்றீர்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் வீட்டுக்கு வா, சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்றீர்கள். கண் கலங்கியிருந்தது. ஆனால் மைக் பக்கம் போகவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். கொடியில் வெள்ளைப் போர்வையைப் போட்டு டார்ச் அடித்துக் காட்டினேன். "டார்ச் லைட்டு தெரியுது. அதுக்கு இன்னா?" என்றாள். செயலாளரே ஒத்துக்கொண்டார் என்றேன். அக்காவும் நானும் கூடிப் பேசுகிறோம் என்றாள். கடைசியில் சொன்னாள்:

"அந்த சாரு அத்தினி பேரு முன்னாடி மைக்ல சொன்னாரு. நீ அடுப்பாண்ட வந்து சொல்ற. எத நான் நம்பறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் அம்மா சொன்னதில் தப்பில்லை.

அதற்கப்புறம் உங்களுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றீர்கள். மகன் வீட்டுக்கு வெளிநாடு போனீர்கள், வந்தீர்கள். அந்தப் பெரிய மனுஷனைத் தொல்லை செய்யாதே என்று அம்மா என்னைத் திட்டினாள், விட்டுவிட்டேன். இப்போது நீங்களே நினைவுகளைக் கேட்கிறீர்கள். விழாவில் நீங்கள் பேசுவீர்கள் என்றும் போட்டிருக்கிறார்கள்.

என் வயசுக்காரர்களே, சூரியனைப் பார்த்தவர்கள் குழுவிலேயே கை தூக்குங்கள். பின்னால் உட்கார்ந்தோம் என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். அது நாம் தேர்ந்தெடுத்த இடம் இல்லை.

செயலாளர் சார், எனக்குச் சாப்பாடு வேண்டாம். மலரில் இதைப் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு காதும் போய்விட்டது. இன்னொன்று கொஞ்சம் கேட்கிறது. விழாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருவேன். பின் கேட் வழியாக இல்லை. முன் வரிசையில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பேன். அக்கா வருவாளா என்று தெரியாது. நீங்கள் மைக்கைப் பிடித்து, அந்தப் பிள்ளை எதையும் எடுக்கவில்லை, நான் உட்கார வைத்த இடத்திலிருந்து பார்த்ததைத்தான் வரைந்தாள் என்று சொல்ல வேண்டும். அன்றைக்குப் பேசின அதே சத்தத்தில்.

எனக்குத் தனியாகப் போன் செய்து பதில் சொல்லாதீர்கள், எடுக்க மாட்டேன். எல்லோரும் கேட்கிற மாதிரி குழுவில் சொல்லுங்கள். மைக்கில் சொல்வீர்களா, மாட்டீர்களா?